கொஞ்சம் வண்டியை நிறுத்துங்க, சார்!

சென்னையில் வேலை பார்க்கும் இளைஞர்களில் இரண்டு ரகம் உண்டு. பாண்டிச்சேரிக்குப் போய் வந்தவர்கள். அடுத்த சனிக்கிழமை போகப் போகிறவர்கள். மூன்றாவதாக ஒரு ரகம் இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் இதுவரை பார்த்ததில்லை.

வீட்டில் சொல்கிற காரணம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருத்தருக்கு ஆடிட். இன்னொருத்தருக்கு நண்பனின் அக்கா கல்யாணம். (அந்த அக்காவுக்கு வருஷத்துக்கு மூன்று தடவை கல்யாணம் நடக்கும்.) ரொம்பவும் பவ்யமான பிள்ளைகள் மணக்குள விநாயகரைத் தரிசிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். சென்னை பேச்சிலர்களுக்கு அந்தப் பிள்ளையார் மேல் இருக்கும் பக்தி, உள்ளூர்க்காரர்களுக்குக்கூட இருக்குமா என்பது சந்தேகம்.

திரும்பி வந்ததும் திங்கட்கிழமை காலை கேன்டீனில் பேச்சு ஆரம்பிக்கும். எதைப் பற்றி? போன இடம் பற்றியா? இல்லை. எவ்வளவு நேரத்தில் போனோம் என்பது பற்றி!

"ரெண்டே கால் மணி நேரம்தான் மச்சி! நடுவுல எங்கயும் நிறுத்தல!"

இந்த 'எங்கயும் நிறுத்தல' என்பதை ஏதோ ஒலிம்பிக் மெடல் மாதிரி சொல்வார்கள். எனக்கு அங்கேதான் உறுத்தும். கிழக்குக் கடற்கரைச் சாலை 1998-ல் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து அந்தச் சாலையில் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் புறப்பட்ட இடத்தையும் போய்ச் சேர்ந்த இடத்தையும் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. நடுவில் நிற்கிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நிற்கிறவர்கள் என்றால் மனிதர்கள் மட்டும் இல்லை. ஒற்றைக் காலில் நிற்கிறவர்களும் சேர்த்தி.

* * *

பறவை பார்ப்பது என்றால் நம் ஊரில் உடனே 'வேடந்தாங்கல்' என்பார்கள். சரிதான். 1798-லேயே கலெக்டர் உத்தரவு மூலம் பாதுகாப்பு கிடைத்த இடம் அது. டிக்கெட் வாங்கலாம், கோபுரத்தில் ஏறலாம், குழந்தைக்கு பலூன் வாங்கித் தரலாம். ஆனால் ரோட்டோரமாக வண்டியை நிறுத்தி, இறங்காமலேகூட ஜன்னல் வழியாகப் பறவை பார்ப்பது என்கிற சமாசாரம் நமக்கு இன்னும் பழகவில்லை.

ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு வடமேற்கே கேப்பர்ட்டீ பள்ளத்தாக்கு என்று ஒன்று இருக்கிறது. சுற்றிலும் செங்குத்தான பாறை, நடுவில் ஆட்டுப் பண்ணைகள், ஒரு கிராமத்துச் சாலை. அந்தச் சாலையில் 'இங்கே நிறுத்து, இந்த மரத்தைப் பார். அடுத்தது பாலத்தடியில் நிறுத்து, தண்ணீர் ஓரத்தைப் பார்' என்று நம்பர் போட்டு நிறுத்தங்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். தேன்குடிக்கும் ஒரு கறுப்பு மஞ்சள் பறவை, உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம், அந்தச் சாலையோர மரங்களில் வரும். அதைப் பார்ப்பதற்காக வெளிநாட்டிலிருந்து பிளேன் பிடித்து வந்து, சாலையோரத்தில் கழுத்து சுளுக்க நிற்கிறார்கள்.

நம்முடைய இ.சி.ஆரிலும் அதேபோல நிறுத்தங்கள் இருக்கின்றன. நம்பர் போர்டுதான் இல்லை. ஆகவே நானே நம்பர் போட்டிருக்கிறேன்.

நிறுத்தம் ஒன்று: முட்டுக்காடு. படகில் ஏற எல்லோரும் நிறுத்துகிற இடம்தான். ஆனால் குளிர்காலத்தில் பாலத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று மிதக்கும் கடற்காகங்களை யாரும் கவனிப்பதில்லை. இதில் ஒரு வேடிக்கை. பெயர் பழுப்புத்தலைக் கடற்காகம். இங்கே வரும்போது பார்த்தால் தலை வெள்ளையாக இருக்கும்! மத்திய ஆசியாவின் பீடபூமி ஏரிகளில் கோடையில் ஜோடி சேரும் சமயத்தில்தான் தலை பழுப்பாகுமாம். பெண் பார்க்கப் போகும்போது மட்டும் டை அடித்துக்கொள்ளும் நம் சீனியர் கிளார்க் மாதிரி. சீசன் முடிந்ததும் மறுபடி வெள்ளை.

நிறுத்தம் இரண்டு: கல்பாக்கம் தாண்டி, எங்கே வேண்டுமானாலும், மின்சாரக் கம்பி இருக்கிற இடம். கம்பியில் பழுப்பாக, தூங்குமூஞ்சியாக ஒன்று உட்கார்ந்திருக்கும். 'இதையா பார்க்கச் சொன்னே?' என்று கேட்பீர்கள். அது பறக்கும்வரை பொறுங்கள். இறக்கையை விரித்ததும் நீலமோ நீலம்! அதுதான் பனங்காடை. அடக்கமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு ஆபீஸ் ஆண்டு விழாவில் திடீரென்று பாட்டுப் பாடி அசத்துகிற ஆசாமிகள் உண்டல்லவா, அந்த ரகம்.

நிறுத்தம் மூன்று: முதலியார்குப்பம், ஒடியூர் காயல். தண்ணீர் வற்றி முழங்கால் அளவு ஆகிற மாதங்களில் தூரத்தில் ஒரு வெளிர் ரோஜா நிறக் கோடு தெரியும். உற்றுப் பார்த்தால் அந்தக் கோட்டுக்குக் கால்கள் இருக்கும். பூநாரை.

இந்த மூன்றும் சின்ன நிறுத்தங்கள். மெயின் பிக்சர் மரக்காணத்தில்.

* * *

எங்கள் கோஷ்டியில் நான்கு பேர். பெயர்கள் வேண்டாம், வேலைகள் போதும். கார் மார்க்கெட்டிங்குடையது. கணக்கு பார்க்கிறவன் அக்கவுன்ட்ஸ். தூங்குகிறவன் சிஸ்டம்ஸ். பைனாகுலர் வைத்திருக்கும் பைத்தியக்காரன், நான்.

மார்க்கெட்டிங்குக்கு வண்டி நிற்பது என்றாலே அலர்ஜி. "டீயா? பாண்டியில குடிக்கலாம். பாத்ரூமா? பாண்டியில போலாம்" என்கிற ரகம். அவனை மரக்காணத்தில் நிறுத்த வைப்பதற்கு நான் பட்ட பாடு ஒரு தனித் தொடருக்கு வரும். கடைசியில் ஒரு ஜனவரி மாதம் அக்கவுன்ட்ஸ்தான் உதவிக்கு வந்தான். "பத்து நிமிஷம் நிறுத்தினா பெட்ரோல் செலவாகாதுடா" என்றான். லாஜிக் எடுபட்டது.

காலை ஆறே முக்கால் மணி. ரோட்டை விட்டு நன்றாக இறக்கி, மண்ணில் நிறுத்தினோம்.

இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டியவரை பாத்தி பாத்தியாகத் தண்ணீர். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு துண்டு வானம். மரக்காணம் உப்பளம்.

உப்பு எப்படி உண்டாகிறது என்பது சாம்பாரில் போடுகிற நமக்குத் தெரியாது. உப்பங்கழித் தண்ணீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்குவார்கள். வெயில் காய்ச்சும். கொஞ்சம் சுண்டியதும் அடுத்த பாத்தி. அப்புறம் அடுத்தது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தண்ணீரின் கனத்தை அளக்கிற கருவியில் இது மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு பூக்க ஆரம்பிக்கும். அதை மரப் பலகையால் இழுத்து, வரப்பில் குவித்து, தலைச்சுமையாகக் கரை சேர்ப்பார்கள்.

இங்கேதான் பறவைகள் வருகின்றன. கனம் குறைந்த முதல் பாத்தியில் மீன்குஞ்சு இருக்கும். நடுப் பாத்திகளில் மீன் பிழைக்காது. ஆனால் விரல் நகத்தைவிடச் சின்னதான ஒரு இறால் இனம் கோடிக்கணக்கில் நீந்தும். கடைசிப் பாத்தியில் வெறும் உப்புதான். ஆகவே எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதைத் தண்ணீரின் டிகிரியே முடிவு செய்துவிடுகிறது. நம் ஆபீஸ் கேன்டீனில் மேனேஜர் டேபிள், ஸ்டாஃப் டேபிள் என்று இருப்பது போல.

அது மட்டும் இல்லை. ஒரே பாத்தியில் நிற்கும் பறவைகளுக்குள்ளும் தகராறு கிடையாது. அலகு நீளம் ஒவ்வொன்றுக்கும் வேறு. கொசு உள்ளான் மேல் சேற்றைக் கொத்தும். மூக்கன் தன் நீள அலகைக் கண்வரைக்கும் ஆழ விட்டு அடியில் இருக்கும் புழுவை இழுக்கும். இளஞ்சிவப்பு நூல் மாதிரி கால் உள்ள பவளக்கால் உள்ளான் ஆழத்தில் நின்று தின்னும். உப்புக்கொத்தி ஈர மண்ணில் நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும், டைப்ரைட்டர் வண்டி நகர்வதுபோல. பேரைப் பாருங்கள், உப்புக்கொத்தி! மரக்காணத்துக்காகவே வைத்த பெயர் மாதிரி இல்லை?

"இது என்னா?" என்றான் மார்க்கெட்டிங்.

"உள்ளான்."

"அது?"

"அதுவும் உள்ளான்."

"அதோ, அந்தக் குண்டா இருக்கிறது?"

"அது வேற உள்ளான்."

"உனக்கு ஒண்ணும் தெரியாதுனு ஒத்துக்கோ."

அநியாயம்! இந்தக் கரைப்பறவைகளை அடையாளம் கண்டுபிடிப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே திணறுவார்கள். குளிர்காலத்தில் எல்லாமே சாம்பலும் வெள்ளையுமாக யூனிஃபார்ம் போட்டுக்கொள்ளும். க.ரத்னத்தின் 'தமிழ்நாட்டுப் பறவைகள்' புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாலும், நீங்கள் பக்கத்தைப் புரட்டுவதற்குள் ஆசாமி பறந்திருப்பார்.

பைனாகுலரைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். இரண்டு நிமிஷம். அவன் எதையும் விற்காமல் இரண்டு நிமிஷம் மௌனமாக இருந்ததை அன்றுதான் பார்த்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தது கொசு உள்ளான் கூட்டத்தை. அவனுக்குச் சொன்னேன். அதன் எடை நாலைந்து அஞ்சு ரூபாய் நாணயத்தின் எடைதான். முட்டையிடுவது வட துருவத்தை ஒட்டிய பனிவெளியில். அங்கே குளிர் தொடங்கியதும் சைபீரியா, மத்திய ஆசியா, இமயமலை எல்லாம் தாண்டி இங்கே வருகிறது.

"நடுவுல எங்கயும் நிறுத்தாமயா?" என்று கேட்டான். மார்க்கெட்டிங்குக்கு வேறென்ன கேள்வி தோன்றும்!

நிறுத்தாமல் போகிற மகானுபாவர்களும் உண்டு. 2022 அக்டோபரில் மூக்கன் இனத்தைச் சேர்ந்த இளம் பறவை ஒன்று, அலாஸ்காவில் கிளம்பி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர். பதினோரு நாள். சோறு இல்லை, தண்ணி இல்லை, தூக்கத்துக்கு இறங்கவில்லை. முதுகில் பொருத்தியிருந்த கருவி மூலம் சாட்டிலைட் சாட்சி சொல்கிறது. ஆனால் அது உலக ரெக்கார்டு. சாதாரணப் பறவைகள் நம்மைப் போலத்தான். வழியில் நிறுத்தி, தின்று, கொழுப்பு ஏற்றிக்கொண்டு அடுத்த கட்டம் கிளம்ப வேண்டும். அரசு பஸ் நிறுத்துகிற மோட்டல் மாதிரி. ஒரே வித்தியாசம், இங்கே சாப்பாடு நன்றாக இருக்கும். மோட்டலை மூடிவிட்டால் பஸ்காரர் அடுத்த மோட்டலில் நிறுத்துவார். பறவைக்கு அடுத்த மோட்டல் இல்லை என்றால் பயணமே கிடையாது.

பைனாகுலரைத் திருப்பித் தரும்போது மார்க்கெட்டிங் மெதுவாகக் கேட்டான்: "இதெல்லாம் தினமும் இங்கதான் இருக்கா?"

ஆறு வருஷமாக அந்த வழியில் போய் வந்துகொண்டிருக்கிறவன் கேட்ட கேள்வி இது.

* * *

வரப்பில் ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் சும்மாடு, கையில் காலிக் கூடை. பாதங்கள் வெளுத்து வெடித்து, உப்பில் ஊறிய தோல்.

"இன்னா தம்பி பாக்குறீங்க? எடத்த வாங்கப் போறீங்களா?"

"இல்லம்மா. பறவை பாக்க வந்தோம்."

"பறவையவா?" சிரித்தார். "அதுக்கா மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்க?"

நான் உற்சாகமாகப் பேச ஆரம்பித்தேன். அக்டோபர், நவம்பரில் மழை விழுந்ததும் பறவைகள் வந்து இறங்குமே, நீங்கள் தினமும் பார்ப்பீர்களே, கொடுத்து வைத்தவர்கள், அது இது என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வரி சொன்னார்.

"அதுங்க வர்ற நேரத்துலதான் தம்பி எங்களுக்கு வேல போவும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். மழை விழுந்தால் பாத்தி கரையும். உப்பு கிடையாது. கூலியும் கிடையாது. மறுபடி பாத்தியைத் துப்புரவு செய்து, மிதித்து, கெட்டிப்படுத்தி, உப்பு எடுக்கும் வரைக்கும் மாதங்கள் ஓடும். மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது. மூன்று மாதத்துக்கு அதை வகுத்துப் பாருங்கள். அக்கவுன்ட்ஸ் மனசுக்குள் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். முகம் மாறியது.

"அப்ப அதுங்க மேல கோவம் வராதாம்மா?" என்று கேட்டான்.

"அதுங்க இன்னா பண்ணும்? மழையக் கூட்டிக்கினா வருது? அதுங்களும் பொழப்புக்குத்தான வருது."

கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் நடந்து போக, உள்ளான்கள் பறக்கவில்லை. இரண்டடி தள்ளி வழிவிட்டு மறுபடி கொத்த ஆரம்பித்தன. நாங்கள் அசைந்தால் மட்டும் பாத்தியே எழுந்து பறந்தது. அதுகளுக்குத் தெரியும், யார் ஊர்க்காரர், யார் டூரிஸ்ட் என்று.

* * *

மரக்காணம் லேசுப்பட்ட ஊர் இல்லை. சங்க இலக்கியத்தில் வரும் எயிற்பட்டினம் இதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் வருகிற நல்லியக்கோடனின் துறைமுகம். ஆந்திராவிலிருந்து கடலை ஒட்டியே வருகிற பக்கிங்காம் கால்வாய் முடிகிற ஊரும் இதுதான். ஒரு காலத்தில் இங்கிருந்து உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போயின. இப்போது கால்வாயில் படகு இல்லை. நீர்க்காகம் ஒன்று இறக்கையைக் காயப்போட்டு உட்கார்ந்திருக்கும்.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் போனால் எக்கியார்குப்பம். மீனவர் குப்பம். மணலில் ஃபைபர் படகுகள், வலைக் குவியல், காயும் கருவாடு. கருவாட்டுக்குக் காவல் இருக்கும் பாட்டிகள், அதைக் களவாடக் காத்திருக்கும் செம்பருந்துகள். இந்த இரு தரப்புக்கும் நடக்கிற யுத்தம் பார்க்க டிக்கெட் வைக்கலாம்.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், கடல் மேல் வட்டமடித்துக்கொண்டிருந்த பறவைகளைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஆலா" என்றார் நிமிராமலே. "அது தலைகீழா வந்து தண்ணில விழுந்துச்சுன்னா கீழ மீன் கூட்டம் இருக்குனு அர்த்தம். எங்க தாத்தா காலத்துலேர்ந்து அதான் எங்களுக்கு மிஷினு. இப்ப ஜி.பி.எஸ். இருக்குது, எக்கோ சவுண்டர் இருக்குது. ஆனா பேட்டரி போச்சுன்னா? ஆலாவுக்கு பேட்டரி வேணாம்."

பிறகு எங்கள் நான்கு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். "பாண்டிக்கா?"

சிஸ்டம்ஸ் தலையைச் சொறிந்தான்.

"போங்க. போறதுக்குத்தான ரோடு போட்டிருக்கு. எங்க ஊரு பேர முன்னாடி கேட்டிருக்கீங்களா?"

கேட்டிருந்தோம். நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2023 மே மாதம், ஒரு வாரம் முழுக்க டி.வி.யில் அந்தப் பெயர் ஓடியது. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து எக்கியார்குப்பத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 14 பேர் செத்துப் போனார்கள். அப்புறம் செய்தி மாறியது. பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

"பொண்ணு குடுக்க, எடுக்கப் போனாக்கூட, 'எந்த ஊரு?'ன்றாங்க. சொன்னா 'ஓ... அந்த ஊரா?'ன்றாங்க" என்றார். வலையைப் பிரிக்கும் விரல்கள் நிற்கவே இல்லை. "எங்க ஊர்ல கடல் இருக்குது, உப்பு இருக்குது, நீங்க தேடி வந்த பறவ இருக்குது. ஒருத்தனும் அதச் சொல்றதில்ல."

பாண்டிச்சேரிக்கு எதற்காகப் போகிறோம் என்பது எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். காரில் ஏறிய பிறகு கொஞ்ச தூரத்துக்கு யாரும் பேசவில்லை. சிஸ்டம்ஸ்கூடத் தூங்கவில்லை. அதற்காக அன்றைக்கே நாங்கள் திருந்தி, மணக்குள விநாயகரை மட்டும் தரிசித்துவிட்டு வந்தோம் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எழுதவும் இல்லை. ஆனால் ஒரு ஊரின் பெயரை நல்ல விஷயத்துக்காகச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். இந்தக் கட்டுரைக்கு அதுவும் ஒரு காரணம்.

* * *

சொல்வதற்கு நல்ல விஷயம் நிறையவே இருக்கிறது. மரக்காணத்துக்குத் தென்மேற்கே கழுவெளி என்று ஒரு பிரமாண்டமான ஏரி. மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கை குலுக்கிக்கொள்கிற இடம். தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்தபடி இதுதான் பெரியது. எடையன்திட்டு கழிமுகம் வழியாகக் கடலோடு தொடர்பு. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டின் பதினாறாவது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சதுப்பு நிலங்களைக் காப்பதற்காக 1971-ல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் பட்டியல் அது. எக்கியார்குப்பத்துக்குப் பின்புறம் இருப்பது, உலக மேப்பில் இடம் பிடித்த ஏரி! மரக்காணத்தில் பன்னாட்டுப் பறவைகள் மையம் ஒன்று அமைக்கப்போவதாக 2023 பட்ஜெட்டில் அறிவிப்பும் வந்தது.

அங்கே ஊசிவால் வாத்து வரும். கரண்டிவாயன் வரும். கூழைக்கடாக்கள் நாலைந்து சேர்ந்து அரைவட்டம் கட்டி மீனைக் கரைக்குத் தள்ளும். டீம் ஒர்க் பற்றி எம்.டி. நடத்துகிற வகுப்புக்கு பதிலாக ஸ்டாஃபை இங்கே கூட்டி வரலாம். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகை உல்டாவாக வைத்து, நாக்கால் தண்ணீரை இறைத்து வடிகட்டிச் சாப்பிடும். அந்த ரோஜா நிறம்கூடப் பிறவியில் வந்தது இல்லை. தின்கிற பாசியிலும் இறாலிலும் இருக்கிற சாயம் இறகில் ஏறியதுதான். குஞ்சுகள் சாம்பல் நிறம். என்ன தின்கிறோமோ அதுவாகவே ஆகிறோம் என்று பெரியவர்கள் சொன்னது பூநாரை விஷயத்தில் நூற்றுக்கு நூறு உண்மை.

எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று சொல்லவில்லை. கண்ணியும் வலையும் வைத்துப் பறவை பிடிப்பது இன்னும் முழுசாக நிற்கவில்லை. சைபீரியாவிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற உள்ளான் கடைசியில் எண்ணெய்ச் சட்டியில் இறங்குகிறது. வாங்குகிறவர்கள் கிராமத்துக்காரர்கள் மட்டும் இல்லை. காரில் போகிற நம்மவர்களும்தான். யாராவது ரோட்டோரத்தில் 'உள்ளான் வறுவல்' என்று ரகசியமாகக் காதில் ஓதினால், வண்டியை நிறுத்தாதீர்கள். நான் நிறுத்த வேண்டாம் என்று சொல்கிற ஒரே இடம் அதுதான்.

* * *

இப்போது எதற்கு அவசரமாக இதை எழுதுகிறேன்? சாலை மாறப் போகிறது.

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் 46 கிலோமீட்டர் தூரத்தை நான்கு வழிச் சாலையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. செலவு 2,157 கோடி ரூபாய். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த ரோட்டில் நேருக்கு நேர் மோதிச் செத்தவர்களின் வீட்டில் போய் 'பறவைக்காக ரோட்டை அகலப்படுத்த வேண்டாம்' என்று சொல்லிப் பாருங்கள். ஆம்புலன்ஸ் சீக்கிரம் போக வேண்டும். மீன் வண்டி கெடாமல் போக வேண்டும். ரோடு வரட்டும்.

ஆனால் ஒரு கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு கிலோமீட்டரை 36 விநாடியில் கடந்துவிடலாம். உப்பளம், அந்த அம்மா, நாலு நாணய எடையில் துருவத்திலிருந்து வந்த கொசு உள்ளான் எல்லாமே ஒரு விளம்பரப் படம் ஓடுகிற நேரத்தில் முடிந்துவிடும். நடுவில் தடுப்பு, ஓரத்தில் கம்பி வேலி என்று வந்துவிட்டால் மண்ணில் இறக்கி நிறுத்தக்கூட இடம் இருக்காது. நிறுத்த நினைக்கிறவனும் நிறுத்த முடியாது.

டோல் கேட்டுக்கு இடம் ஒதுக்குகிறார்கள். லாரி நிற்க இடம் ஒதுக்குகிறார்கள். உப்பளத்து ஓரத்தில் பத்து கார் நிற்கிற மாதிரி ஒரு ஒதுக்கம், தலைக்கு மேல் ஒரு கூரை, என்ன பறவை எந்த மாதத்தில் வரும் என்று தமிழில் ஒரு போர்டு. 2,157 கோடியில் இது டீ செலவு. பக்கத்தில் எக்கியார்குப்பத்துப் பெண்கள் ஒரு கடை போட்டு இட்லியும் மீன் குழம்பும் விற்கட்டும். மழை மாதத்தில் உப்பு வேலை இல்லாதபோது பறவை பார்க்க வருகிறவர்களால் நாலு காசு கிடைத்தால், 'அதுங்க வந்தா எங்களுக்கு வேல போவும்' என்ற கணக்கு கொஞ்சம் மாறும். கேப்பர்ட்டீயில் நம்பர் போட்டவர்களும் நம்மைப் போல மனிதர்கள்தான்.

யாரும் நிற்காத இடத்துக்கு நிறுத்தம் எதற்கு என்று பிளான் போடுகிற இன்ஜினியர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. ஆகவே முதலில் நாம் நிற்க வேண்டும்.

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் எந்த சனிக்கிழமையும் சரி. காலை எட்டு மணிக்குள் மரக்காணம் வந்துவிடுங்கள். அப்புறம் கானல் நீர் ஆட ஆரம்பித்துவிடும். பைனாகுலர் இருந்தால் '8x42' என்று எழுதியது உத்தமம். இல்லாவிட்டாலும் பூநாரைக்கும் கூழைக்கடாவுக்கும் வெறும் கண்ணே போதும். சிவப்புச் சட்டை வேண்டாம், ஹாரன் வேண்டாம், காரில் பாட்டு வேண்டாம். பாத்தி வரப்பில் இறங்காதீர்கள். அது ஒருத்தருடைய பிழைப்பு. பார்த்ததைச் செல்போனில் இ-பேர்டு செயலியில் பதிந்துவிடுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். கால் மணி நேரம் எண்ணினால் நீங்களும் விஞ்ஞானத்துக்குச் சேவை செய்தவர் ஆகிவிடுவீர்கள். வீட்டில் சொல்வதற்கும் ஒரு புதுக் காரணம் கிடைத்த மாதிரி ஆச்சு. பொய்யும் இல்லை.

திங்கட்கிழமை கேன்டீனில், "ரெண்டே கால் மணி நேரம் மச்சி" என்று யாராவது ஆரம்பித்தால் எங்கள் மார்க்கெட்டிங் இப்போது குறுக்கே விழுகிறான்.

"எங்களுக்கு நாலு மணி நேரம் ஆச்சு. எக்கியார்குப்பம்னு ஒரு ஊரு. தெரியுமா?"

"ஓ... அந்த ஊரா?"

"ஆமா. ஆலா விழற ஊரு" என்கிறான்.